பழைய காரின் ஆயில் தொல்லைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எங்கள் வீட்டில் கார்புரேட்டர் வைத்த 1998ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றும், 2009ஆம் ஆண்டு டீசல் ஸ்விஃப்ட் ஒன்றும் ஓடுகின்றன. மாமாவின் பழைய பெட்ரோல் அம்பாசிடரும் ஆண்டில் பாதி நாள் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. இந்த மூன்றுக்கும் ஆயில் மாற்றுவதும், கசிவு பார்ப்பதும், எப்போது மெக்கானிக்கிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்வதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பாக இருப்பதால், ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் இன்ஜினை இறக்க வேண்டிய காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் பார்த்து வருவது பணத்தையும் மிச்சப்படுத்தும், வீண் பயத்தையும் தவிர்க்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியை, பார்ப்பதுதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, மேலே ஏறிய ஆயில் சம்புக்குள் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்க ஐந்து நிமிடமாவது விட்டு, குச்சியை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் சாய்வான தரையில் நின்றபடி, இன்ஜின் அணைந்த மறுநொடியில் குச்சியை உருவிக் காட்டி "ஆயில் குறைவு சார்" என்று சொல்பவரின் கணக்கை நம்பி ஊற்றினால் அளவு மேல் கோட்டைத் தாண்டிவிடும். அளவுக்கு மேல் உள்ள ஆயிலைச் சுழலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அடித்து நுரையாக்கும், அந்த நுரை பம்பில் நுழைந்தால் அழுத்தம் குறையும்.

அறிகுறி 1: சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது

*ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிந்து, அணையாமல் நிற்கிறது.* வண்டியை ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். "அடுத்த ஊர்வரை போய்விடலாம்" என்ற எண்ணமே கூடாது. பெரும்பாலான கார்களில் இந்த விளக்கின் சுவிட்ச், அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கிய பிறகுதான் வேலை செய்கிறது. ஆகவே விளக்கு எரிகிறது என்றால் ஆயில் குறைந்துவருகிறது என்ற முன்னறிவிப்பு அல்ல, பேரிங்குகளுக்கு ஆயில் ஏறக்குறைய போகவே இல்லை என்று பொருள்.

அணைத்த பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒருமுறை வெளியில் ஆயில் மாற்றிக்கொண்டு கோவையிலிருந்து பொள்ளாச்சி சாலையில் வந்தபோது, கிணத்துக்கடவைத் தாண்டுவதற்குள் மாருதியில் விளக்கு எரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட, அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே திருகிவிட்டிருந்தார்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிட்டது. விளக்கைக் கண்டதும் சாவியைத் திருப்பியதால் இன்ஜின் பிழைத்தது. அன்றிலிருந்து பழைய ஃபில்டரைக் கழற்றியவுடன் அதன் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் புதியதை நான் மாட்டுவதில்லை.

*சூடான பிறகு ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும் நிலை) மட்டும் மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைகிறது.* பழைய வண்டிகளில் அதிகம் குழப்பம் தருவது இதுதான். காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஆயில் அளவு. அடுத்து ஐடில் வேகம். அது கையேட்டில் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால் நல்ல இன்ஜினிலும் விளக்கு மினுக்கும். மூன்றாவதாக ஆயில் சுவிட்ச்; வயரின் முனையில் ஆயில் பிசுக்கு இருந்தால் சுவிட்ச் உள்ளே உடைந்திருக்கலாம், மாற்றும் செலவும் குறைவுதான். நான்காவதாக ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். இதை ஐந்தாம் அறிகுறியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதாக, அண்மையில் ஆயிலின் தடிமன் மாறியதா என்று யோசியுங்கள். கையேடு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 கேட்கும் தேய்ந்த இன்ஜினில், "இதுதான் நவீனமானது" என்று யாரோ சொன்னதற்காக 5டபிள்யூ-30 சிந்தெடிக் (செயற்கை முறையில் தயாரித்த ஆயில்) ஊற்றினால், சூட்டில் அது மெலிந்து விளக்கை மினுக்க வைக்கலாம். இந்தக் குற்றம் சிந்தெடிக்கினுடையது அல்ல, 'டபிள்யூ'வை அடுத்த சிறு கோட்டுக்குப் பின்னால் வந்து, சூட்டில் உள்ள தடிமனைக் குறிக்கும் எண்ணுடையது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு மினுக்கினால், சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டிச் சூடான நிலையில் அளக்கச் சொல்லுங்கள். மானியில் அழுத்தம் கையேட்டின்படி இருந்தால் சுவிட்சோ வயரோதான் குற்றவாளி. குறைவாக இருந்தால் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரில் (பம்புக்கு முன்னுள்ள வலைச் சல்லடை) கசடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி. அதற்கும் அப்பால் ஆயில் பம்ப்பும் பேரிங்கும் இருக்கின்றன, அவை வீட்டு வாசலில் செய்யும் வேலைகள் அல்ல. மானியை மாட்டாமலே "பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தடித்த ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துத் தருபவரிடமும் விடாதீர்கள். விளக்கு அணைந்துவிடும், தேய்மானம் தொடரும்.

அறிகுறி 2: சிந்தெடிக்குக்கு மாறியதிலிருந்து கசிகிறது

சிந்தெடிக் ஆயில் சீல்களைத் தின்றுவிடும் என்ற பேச்சு மெக்கானிக்குகள் நடுவே இன்றும் உண்டு. தொடக்க காலத்துச் சிந்தெடிக்குகள் சில ரப்பரைச் சுருங்க வைத்ததால் வந்த பேச்சு அது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல ஆயில்களில் அதற்கு மாற்றான சேர்மங்கள் கலந்தே வருகின்றன. ஆனால் கசிவு உண்மையாகவே தொடங்குவதும் உண்டு: இருபது ஆண்டு சூட்டில் காய்ந்து இறுகிப்போன சீலின் விளிம்பில், வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தது பழைய கசடுதான். கழுவும் தன்மை கூடிய புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்துவிட, உள்ளே இருந்த வெடிப்பு வெளியே தெரிகிறது. மினரலுக்கு (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்யும் சாதாரண ஆயில்) திரும்பினாலும் அந்தச் சீல் மறுபடி மென்மையாகப் போவதில்லை.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்க இன்ஜினைக் கழுவிவிட்டு, ஒரு நாள் ஓட்டி, இரவில் அடியில் அட்டையைப் பரப்பி வையுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழிவதோடு, ஓட்டத்தில் காற்றால் பின்பக்கமும் தள்ளப்படுவதால், நனைந்திருக்கும் இடங்களில் எது மிக உயரமானதோ அதுதான் ஊற்று.

ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் என்றால் வாஷரை மாற்றுங்கள். நசுங்கி இடத்துக்குப் பொருந்தும் அந்த வாஷர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியது. அதை விட்டுவிட்டு போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் சம்பின் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்கு அலைய வேண்டியிருக்கும். வால்வு மூடியின் பேக்கிங் என்றால் அரை மணி நேர வேலை. அதன் போல்ட்டுகளையும் அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது. ஃபில்டர் என்றால் இரட்டை வளையக் கதையை நினைவில் கொள்ளுங்கள்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால், சீல்களை ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு முன்னால் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல்களின் வழியே தள்ளும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கிலுக்கென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம். சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கிராங்க் சீலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் சொட்டினால் அது பின்பக்கக் கிராங்க் சீல். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும் நாள் வரும்வரை பொறுத்து இரண்டையும் சேர்த்துச் செய்வது புத்திசாலித்தனம். ஆனால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டால் பொறுக்க முடியாது. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவ இன்ஜின் வைத்த அம்பாசிடரின் கதை வேறு. அந்த இன்ஜினின் பின்முனையில் ரப்பர் உதட்டுச் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுச் சுருள் வெட்டுதான் உண்டு. ஆகவே நிறுத்தும் இடத்தில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அதற்கு மெல்லிய சிந்தெடிக்கை ஊற்றினால் சொட்டு கூடும். மாமா 20டபிள்யூ-50 மினரலிலேயே நிற்கிறார்; அது சரிதான் என்பதே என் கருத்தும்.

அறிகுறி 3: தரையில் சொட்டில்லை, ஆனால் ஆயில் குடிக்கிறது

முதலில் எவ்வளவு என்று அளவெடுங்கள். மேல் கோடுவரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி மேல் கோடுவரை நிரப்ப எத்தனை மில்லி பிடித்தது என்று பாருங்கள். இரண்டு லட்சம் கி.மீ. தாண்டிய இன்ஜினில் 200, 300 மில்லி குறைந்தால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். ஒரு டப்பாவை டிக்கியில் வைத்துக்கொள்வேன். அரை லிட்டரைத் தொட்டால் காரணம் தேடுவேன். ஒரு லிட்டர் என்றால் மெக்கானிக்.

காரணத்தைப் புகையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

*காலையில் எழுப்பியதும் ஒரு நீலப் புகை, பிறகு இல்லை.* இது வால்வு சீல். இதை உறுதி செய்ய மலைப்பாதை நல்ல இடம்: வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கி, ஆழியாறு அருகே சமதரைக்கு வந்து மிதிக்கும்போது பின்னால் நீலமாகப் புகை கிளம்பினால், இறக்கத்தில் உறிஞ்சப்பட்ட ஆயில்தான் எரிகிறது. சீல் விலை குறைவு, வேலைதான் கூடுதல். சில இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்ற முடியும் என்பதால் ஒப்புக்கொள்வதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

*ஏற்றத்திலும் பாரத்திலும் விடாமல் நீலப் புகை.* பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையமான ரிங் தேய்ந்திருக்கலாம். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துளையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை, துள்ளி விழுந்தால் எரிந்த காற்று ரிங்கைத் தாண்டி வருகிறது. அடுத்தது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது எண் உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி வாங்கிய பிறகே சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்குச் சம்மதியுங்கள்.

*டர்போ வைத்த டீசல்.* ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் இன்டர்கூலரின் (டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பே. குழாயைச் சாய்த்தால் ஆயில் ஒழுகுகிறது என்றால் டர்போவின் சீலைப் பார்க்க வேண்டும். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், ஏனெனில் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் ஓடக்கூடும்.

ஆயில் குடிக்கும் இன்ஜினுக்குச் சிந்தெடிக் வாங்குவது பற்றி என் கருத்து இது: லிட்டர் கணக்கில் எரித்துத் தள்ளும் இன்ஜினில் விலையுயர்ந்த ஆயிலை ஊற்றுவது பணத்தைப் புகையாக்கும் வேலை. வேலை முடியும்வரை, கையேடு அனுமதிக்கும் எண்களில் தடித்ததை, மினரலாகவே ஊற்றுங்கள்.

அறிகுறி 4: கிளப்பியதும் கடகட சத்தம்

காலையில் இரண்டு மூன்று நொடி சத்தம் கேட்டு நின்றுவிட்டால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் அடைப்பு ஒன்று உண்டு. மலிவான ஃபில்டரில் அது சில மாதங்களில் இறுகிவிடும். 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயிலும் காலையில் மேலேறத் தாமதிக்கும். இந்த ஒரு அறிகுறிக்குச் சிந்தெடிக் உண்மையாகவே பயன் தருவதைக் கண்டிருக்கிறேன்: நல்ல நிலையில் உள்ள மாருதியில் 20டபிள்யூ-40 மினரலிலிருந்து 10டபிள்யூ-30 சிந்தெடிக்குக்கு மாறியபோது காலைச் சத்தம் நின்றது.

சூடான பிறகும் டிக் டிக் என்று விடாமல் அடித்தால், மாருதி 800 போன்ற திருகு வைத்த இன்ஜினில் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளியைச் சரிசெய்தாலே போதும். ஆயிலை மாற்றிப் பயனில்லை. ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலில் அப்படி அல்ல. அதன் டேப்பட்டுகளும் டைமிங் செயினை இறுக்கும் கருவியும் ஆயில் அழுத்தத்திலேயே வேலை செய்வதால், ஆயில் கெட்டாலும் குறைந்தாலும் முதலில் கத்துவது அந்தப் பக்கம்தான். செயின் பக்கம் உரசல் சத்தம் கேட்டால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், செலவு பல மடங்காகும். அடியிலிருந்து வேகத்தோடு சேர்ந்து கனமாகத் தட்டும் ஒலி பேரிங்கினுடையது. அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அறிகுறி 5: ஆயிலின் நிறமோ மணமோ மாறுகிறது

*கறுப்பு.* டீசலில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதுதான் அந்த ஆயிலின் வேலை. இதற்காக மட்டும் யாரும் ஆயில் மாற்ற வேண்டியதில்லை.

*பால் கலந்த காபி நிறம்.* மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால், வண்டி இரண்டு மூன்று கி.மீ. ஓட்டத்திலேயே காலம் கழிக்கிறது என்று பொருள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் சரியாகிவிடும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியிலுள்ள பேக்கிங்கான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் இதில் சேரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில், தண்ணீரால் கெட்டதைவிட, தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோல் வண்டியில் ஆயிலை வடித்து, பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, புது ஃபில்டரோடு மலிவான மினரலை ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்த பிறகுதான் நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். டீசல் என்றால் தொடவே வேண்டாம்.

*பெட்ரோல் வாடை, டிப்ஸ்டிக்கில் அளவு தானே உயர்கிறது.* கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்பின் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் இறங்கும். இப்போது பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் பம்ப் சவ்வையும் குழாய்களையும் அடிக்கடி பார்ப்பது நல்லது. சோக் சரியாகத் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். கோளாறைச் சரிசெய்த பிறகு ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும்.

*மூடியைத் திறந்தால் தார் போலக் கசடு.* ஃப்ளஷிங் திரவம் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள், நான் செய்வதில்லை. கட்டியாகப் பெயரும் கசடு போய் நிற்கும் இடம் ஸ்ட்ரெய்னர். அதற்குப் பதிலாகச் சாதாரண ஆயிலை ஃபில்டரோடு 1,000 கி.மீ.க்கு ஒருமுறை என இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். முடிந்தால் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இவை முடியும்வரை சிந்தெடிக் வேண்டாம்.

அறிகுறி எதுவும் இல்லை. எந்த ஆயில், எத்தனை கி.மீ.?

கையேட்டில் உள்ள எண்ணே முதல் விதி. 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரைப் பற்றியது. தமிழகச் சமவெளியில் 20டபிள்யூ கூட உறையப்போவதில்லை என்பதால் 0டபிள்யூவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பொருளில்லை. பின்னால் உள்ள எண்ணே சூட்டில் தாங்கும் தடிமன். அதை மாற்றினால் ஒரு படிக்கு மேல் மாற்றாதீர்கள். பெட்ரோலுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தரக் குறியான எஸ்என் அல்லது எஸ்பி, பழைய டீசலுக்குக் கையேடு கேட்கும் தரம் அல்லது அதற்கு மேல் என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது விளம்பரம்.

சிந்தெடிக்கைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி, 15,000 கி.மீ. ஓட்டலாமா என்பது. புது இன்ஜினில் அந்தக் கணக்கு நிற்கலாம். பழைய இன்ஜினில் ஆயில் தானாகக் கெடுவதைவிட, ரிங்கைத் தாண்டி வரும் கரியாலும் எரியாத பெட்ரோலாலும் ஈரத்தாலும் கெடுவதே அதிகம்; எவ்வளவு விலை கொடுத்த ஆயிலானாலும் அந்த அழுக்கு சேரும் வேகம் ஒன்றுதான். ஆகவே கெடுவை நீட்டிக் காசை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில் மாறுவதாக இருந்தால் மாற வேண்டாம். கோடைச் சூட்டிலும் காலைக் கிளப்பலிலும் கிடைக்கும் பாதுகாப்புக்காக மாறுவதாக இருந்தால் மாறுங்கள்.

நான் கடைப்பிடிப்பது: மாருதியில் மினரல் என்றால் 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம், சிந்தெடிக் என்றால் 7,500 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஸ்விஃப்ட்டுக்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக், 7,500 கி.மீ. அம்பாசிடர் ஆண்டுக்கு 2,000 கி.மீ. கூட ஓடுவதில்லை, ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, மாற்றிவிடுகிறேன். ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுவேன்; ஒன்றுவிட்டு ஒருமுறை என்பது கிடையாது. வழியில் ஆயில் குறைந்து கடையில் வேறு வகைதான் இருக்கிறது என்றால் தயங்காமல் ஊற்றுங்கள்; மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் திரிந்துவிடாது, ஆயில் இல்லாமல் ஓடுவதுதான் இன்ஜினைக் கொல்லும்.

மாற்றிய நாளையும் கி.மீ.யையும் புது ஃபில்டரின் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுகிறேன். வேறு யார் குனிந்து பார்த்தாலும் தெரியும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், சேகரிப்பவரிடம் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கிறேன். காலி டப்பாவை மட்டும் யாரிடமும் முழுதாகக் கொடுப்பதில்லை: அதில் கழிவு ஆயிலை நிரப்பி மூடி ஒட்டி விற்பவர்கள் இருப்பதால், ஆணியால் நான்கு துளை போட்ட பிறகே பழைய சாமான்காரரின் மூட்டைக்குப் போகும்.